கேட்காமல் விட்ட பத்து ரூபாய்

ஒரு ஐரோப்பியத் துணிக்கடை நிறுவனத்தின் திருப்பூர் பையிங் ஆபீஸில் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தவன் நான். எங்கள் துணியைத் தைக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாழ்வூதியம் கிடைக்கச் செய்வோம் என்று அந்த நிறுவனம் ஆண்டறிக்கையில் அச்சடித்து உறுதி கொடுத்திருந்தது. அந்த உறுதி திருப்பூரில் பலிக்காமல் போனதில் எனக்கு நேரடிப் பங்கு உண்டு. யாரும் மிரட்டிச் செய்யவைக்கவில்லை. தெரிந்தே செய்தேன், திறமையாகவும் செய்தேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவர் கோபம் முழுக்க அதன் மேல் போய்விடும். நடுவில் நான் நழுவிவிடுவேன்.

விஷயம் தெரியாமல் நடந்தது என்று சொல்லவும் வழியில்லை. வாழ்வூதியம் என்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்து நம் தலையில் கட்டிய சங்கதி என்று பனியன் கம்பெனி வட்டாரத்தில் பேசிக்கொள்வார்கள். டீக்கடையில் நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனால் நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 43ஆவது பிரிவிலேயே அது இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி, நியாயக் கூலி, வாழ்வூதியம் என்று மூன்று படி பிரித்துக் காட்டியது 1948இல் மத்திய அரசு அமைத்த குழு. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு முதல் படிக்கே கணக்கு போட்டுக் கொடுத்துவிட்டது: ஒருவர் சம்பாத்தியத்தில் பெரியவர் அளவில் மூன்று பங்கு சாப்பாடு, பங்குக்கு 2,700 கலோரி, நாலு பேர் குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, அதற்கு மேல் எரிபொருள், விளக்கு, சில்லறைச் செலவுகளுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். பிறகு ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் இன்னொரு 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. இத்தனையும் குறைந்தபட்சக் கூலிக்கான அளவு. வாழ்வூதியம் அதற்கும் மேல்.

நடைமுறை எப்படி இருந்தது என்பதும் தெரியும். தையல் தொழிலுக்குத் தமிழக அரசு 2014இல் உயர்த்திய குறைந்தபட்சக் கூலியை எதிர்த்து முதலாளிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசாணை செல்லும் என்று தீர்ப்பு வர 2016 ஆனது. முதல் படியில் கால் வைக்கவே இவ்வளவு இழுபறி நடந்த ஊரில் மூன்றாவது படியைப் பற்றிய உறுதிமொழியை என் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதிரி உறுதிமொழிகள் பெருகிய காலம் அது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஸ்வீடனின் எச் அண்ட் எம் நிறுவனம், தன் முக்கிய சப்ளையர்கள் எல்லாரிடமும் நியாயமான வாழ்வூதியம் கொடுப்பதற்கான ஊதிய முறை 2018க்குள் இருக்கும், சுமார் 8,50,000 தொழிலாளர்கள் அதில் அடங்குவார்கள் என்று அறிவித்தது. கெடு வந்தபோது, 9 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் எங்கள் திட்டங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன என்றது கம்பெனி. யார் கையிலாவது வாழ்வூதியம் வந்ததா என்று கேட்டது கிளீன் குளோத்ஸ் கேம்பைன் இயக்கம். நான் வேலை பார்த்தது அங்கே இல்லை. ஆனால் இலக்கு எப்படி நைசாக நகர்கிறது என்பதை அந்தச் சண்டையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். கற்றதை என் அறிக்கையிலும் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் காஸ்டிங் ஷீட்.

ஒரு டி-சர்ட்டுக்கு விலை போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எத்தனை ஜிஎஸ்எம் துணி, டஜனுக்கு எத்தனை கிலோ, நூல் விலை, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்ட், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி, தூத்துக்குடி வரை வண்டி வாடகை. நடுவில் ‘சி.எம்.டி.’ என்று ஒரு வரி. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. தொழிலாளியின் கூலி அந்த வரிக்குள்தான் கிடக்கும். கரண்ட் பில், கட்டட வாடகை, முதலாளியின் லாபம் எல்லாம் அதே வரிக்குள்.

மற்ற வரிகளுக்கெல்லாம் ஒரு காவல்காரன் உண்டு. நூல் விலையை மில்காரர்கள் மாதம் பிறந்ததும் சொல்லிவிடுவார்கள். அதில் என் ஜம்பம் பலிக்காது. சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் சங்கத்து ரேட் உண்டு. கூலிக்கும் தொழிற்சங்கங்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை முதலாளிகள் சங்கங்களோடு ஒப்பந்தம் போடுகின்றன. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. ஆனால் அந்த ஒப்பந்தம் என் ஷீட்டில் தனி வரியாக வராது. சி.எம்.டி.யில் மூன்று ரூபாய் குறை என்று நான் சொன்னால், அந்த மூன்று ரூபாய் யாருடையது என்று கேட்க அந்த அறையில் ஆள் கிடையாது. எனக்கு வசதியாகப் போயிற்று.

பேரம் இப்படித்தான் நடக்கும்.

“இந்த ரேட்டுக்குக் கட்டுப்படியாகாதுங்க தம்பி. நூல் ஏறிக்கெடக்கு.”

“எனக்குத் தெரியாதாங்ண்ணா? டாக்காவுல இதைவிட முப்பது ரூபாய் கம்மிக்கு ரெடியா நிக்கறாங்க. உங்களுக்காகத்தான் பிடிச்சு வெச்சிருக்கேன்.”

டாக்கா விலை சில சமயம் உண்மையிலேயே என் கையில் இருக்கும். பல சமயம் இருக்காது. வாயில் வந்த எண்ணைச் சொல்வேன். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தே எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிடும். அவர் ஒத்துக்கொண்டு எழுந்து போவார். போனதும் என்ன செய்வார் என்பதும் தெரியும். செக்கிங்கையும் பேக்கிங்கையும் கான்ட்ராக்ட் ஆளிடம் விடுவார், தையலைப் பீஸ் ரேட்டுக்கு மாற்றுவார், மிச்சத்தை ஒன்றரை ஷிப்ட் ஓட்டிச் சரிக்கட்டுவார். ‘கோட் ஆஃப் காண்டக்ட்’ என்று நாங்கள் ஆர்டரோடு அனுப்பும் நடத்தை விதிகளில், வாரம் 48 மணி நேர வேலையிலேயே வாழப் போதுமான கூலி கிடைக்க வேண்டும் என்று இருக்கும். முதல் தாளில் ஆர்டர் விலை, கடைசித் தாளில் அந்த விதி. இரண்டுக்கும் என் கையெழுத்துதான்.

விலையோடு என் பங்கு முடியவில்லை. சாம்பிளுக்கு அப்ரூவல் கொடுக்க நாங்கள் பத்து நாள் தாமதித்திருப்போம். ஷிப்மென்ட் தேதி மட்டும் நகராது. கப்பலை விட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், செலவு கம்பெனி தலையில். அதற்குப் பயந்து ராத்திரி ஷிப்ட் ஓடும். பிறகு எங்கள் ஆபீஸ் ஆடிட்டரே போய் ‘அளவுக்கு மீறிய ஓவர்டைம்’ என்று குறை எழுதிவிட்டு வருவார். ஓவர்டைம் எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். மின்னஞ்சலில் தேதி எல்லாம் இருந்தது. ஒரு தடவைகூட வாய் திறந்து சொல்லவில்லை.

இப்போது அந்தப் பத்து ரூபாய். கணக்கு எளிதாகப் புரிய முழு எண்களாகச் சொல்கிறேன். ஒரு சாதாரண டி-சர்ட்டை வெட்டித் தைத்துச் செக் பண்ணி மடிக்க எல்லாக் கைகளும் சேர்ந்து 12 நிமிட வேலை என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர ஷிப்டுக்குக் கூலி 400 ரூபாய் என்றால் நிமிடத்துக்கு 83 பைசா. லைனில் நூல் அறுந்து, மெஷின் நின்று, பீஸ் வராமல் காத்திருந்து போகிற நேரத்தையும் சேர்த்தால் உண்மையில் பாதித் திறன்தான் வரும். ஆக நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு நிமிடத்துக்கு 20 ரூபாய். கூலியைப் பாதி அளவு ஏற்றினால் சட்டைக்குக் கூடுவது 10 ரூபாய். அந்தச் சட்டை கப்பல் ஏறும் விலை 220. ஐரோப்பாவில் கடையில் தொங்கும் விலை நம் பணத்தில் 800.

இதை நானே போட்டேன். ஆலைக் கூலிக்கும் வாழ்வூதியத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க ஒரு முன்னோட்டத் திட்டம் வந்தபோது, காஸ்டிங் தெரிந்தவன் என்று என்னிடம் கொடுத்தார்கள். போட்டுப் பார்த்ததும் எனக்கே ஆச்சரியம். இவ்வளவுதானா?

ஏன் இது நடக்க மாட்டேன் என்கிறது என்பதற்கும் அதே ஷீட்டில் விடை இருந்தது. கப்பல் விலைக்கு மேல் சுங்க வரி சதவீதக் கணக்கு, இறக்குமதியாளர் லாபம் சதவீதக் கணக்கு, கடையின் லாபமும் அப்படியே. இங்கே பத்து ரூபாய் ஏற்றினால் அங்கே சட்டை விலையில் அது முப்பத்தைந்து, நாற்பதாக நிற்கும். தொழிலாளிக்குப் பத்து, வழியில் இருப்பவர்களுக்கு மிச்சம். இதைத் தவிர்க்க வழி உண்டு. கூலி உயர்வைத் தனி வரியாகப் பிரித்து, அதன் மேல் யாரும் லாபம் வைக்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டால் பத்து பத்தாகவே போய்ச் சேரும். நெதர்லாந்தின் ஃபேர் வேர் அமைப்பு நிமிடக் கணக்கில் கூலியைப் பிரித்து விலை போடும் முறையைப் பல காலமாகச் சொல்லி வருகிறது. பிரிட்டனின் கான்டினென்டல் குளோத்திங் என்ற சிறிய நிறுவனம் 2016 வாக்கில் திருப்பூரிலேயே, தான் துணி வாங்கும் ஆலையில், டி-சர்ட்டுக்குச் சுமார் 10 பென்ஸ் கூடுதலாகக் கொடுத்து இதைச் செய்தும் காட்டியது. வெளியூர்க் கதை இல்லை, நம் ஊரிலேயே நடந்தது.

எங்கள் தலைமை ஆபீஸுக்கு இதை எழுதியிருக்கலாம். ‘கூலிக்குத் தனி வரி, சட்டைக்குப் பத்து ரூபாய்’ என்று ஒரு வரி போதும். எழுதவில்லை. அதற்குப் பதில், ஆலைக் கூலிக்கும் வாழ்வூதியத்துக்கும் உள்ள தூரத்தையே காகிதத்தில் சுருக்கிவிட்டேன்.

எப்படிச் சுருக்கினேன் என்றால், வாழ்வூதியத்துக்கு ஒரே ஒரு அளவுகோல் கிடையாது. 2009இல் தொடங்கி ஆசிய அடிப்படை ஊதியக் கூட்டணி சொல்லும் கணக்கில் ஒருவர் சம்பாத்தியம் மூன்று பங்கு வயிற்றைத் தாங்க வேண்டும்; ஆளுக்கு 3,000 கலோரி. ரிச்சர்ட் ஆங்கர், மார்த்தா ஆங்கர் தம்பதியின் முறையில், குடும்பத்தில் சராசரியாக ஒன்றுக்கு மேல், இரண்டுக்குள் ஆட்கள் சம்பாதிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு செலவைப் பங்கிடுவார்கள். இரண்டும் யோசித்துச் செய்த முறைகள்தான். ஆனால் நான் முறையைப் பார்த்து எடுக்கவில்லை. எது தூரத்தைக் குறைத்துக் காட்டுமோ அதை எடுத்தேன். அதிலும் எனக்கு வேண்டிய இடத்தில் அழுத்தினேன். ஹாஸ்டலில் தங்கும் வடமாநிலத்துப் பிள்ளைகளுக்குப் போடும் சாப்பாட்டையும் படுக்கையையும் தாராளமாக விலை போட்டுக் கூலியில் சேர்த்தேன். ஓவர்டைம் பணத்தைச் சேர்த்தேன். 48 மணி நேரத்தில் வர வேண்டிய கூலியை ஒன்றரை ஷிப்டில் வரவைத்துவிட்டு, ‘வாழ்வூதியத்தை நெருங்கிவிட்டோம்’ என்று பட்டை வரைபடம் போட்டேன். பச்சை நிறத்தில் நன்றாகவே இருந்தது.

இந்தக் கணக்குக்குக் குடும்பச் செலவு விவரம் வேண்டும். தொழிலாளிகள் சிலர் வீட்டுக்குப் போய்ப் பாரம் நிரப்பினோம். அதில் ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஊத்துக்குளி ரோடு பக்கம் ஒரு லைன் வீடு. எட்டுக் கதவுக்கு ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா, உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், கிடைத்த நாள் கிடைக்கும். ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் அடுப்பு பற்ற வைத்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“அரிசி ரேஷன்தானேங்க்கா?” என்று கேட்டேன். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். அந்த வரியில் பூஜ்யம் போட்டால் செலவு இறங்கிவிடும்.

“கார்டு ஊர்ல மாமியா பேர்ல கெடக்கு சார். இங்க கடையிலதான் வாங்குறோம். கிலோ என்ன விலைன்னு எழுதுறீங்களா?”

“எழுதறேங்க்கா. வீட்டுல எத்தன பேரு?”

“நாலு பேரு. பெரியவ அம்மாகிட்ட இருக்கா, ஒம்பதாவது படிக்கிறா. மாசாமாசம் பணம் அனுப்பிருவேன். அதையும் எழுதிக்கங்க சார்.”

அரிசியில் பூஜ்யம் போட்டேன். வீட்டில் இருப்போர் என்ற கட்டத்தில் மூன்று என்று எழுதினேன். பாரத்தில் ‘இக்கூரையின் கீழ் வசிப்போர்’ என்றுதான் இருந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ‘இதர செலவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அந்த மாதப் பணத்தை எழுத யாரும் தடுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அவள் அம்மா எதிரிலேயே உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே எடுத்தேன்.

பிறகு ஆலைக்குப் போனபோது செக்கிங் டேபிளிலிருந்து அவர் கேட்டார்: “அந்தப் பாரம் என்னாச்சு சார்?”

“மேல அனுப்பியிருக்குங்க்கா.” பொய் இல்லை. அனுப்பித்தான் இருந்தேன்.

ஏன் செய்தேன்? வருடக் கடைசியில் என் வேலையை எடைபோடும் தாளில், போன வருட விலையிலிருந்து எத்தனை சதவீதம் இறக்கினேன் என்பதற்கு மதிப்பெண் உண்டு. வாழ்வூதியத்துக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. அது வேறு துறையின் வேலை. குறைத்துப் பேசிய ஒவ்வொரு ரூபாயிலும் என் இன்கிரிமென்ட்டுக்கு ஒரு பங்கு வந்தது. வீட்டுக் கடன் கட்டினேன். இதைச் சொல்லாமல் ‘அமைப்பு அப்படி’ என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். அமைப்பு அப்படித்தான், அதில் எனக்கு லாபமும் இருந்தது.

சமாதானங்களும் கைவசம் இருந்தன. அந்த ஆலையில் எங்கள் ஆர்டர் ஐந்தில் ஒரு பங்குதான், நாங்கள் மட்டும் ஏற்றினால் போதுமா என்பேன். எங்கள் பங்குக்கு ஏற்றியிருந்தால் எல்லாருக்கும் ஐந்தில் ஒரு பங்கு உயர்வாவது கிடைத்திருக்கும். கான்டினென்டல் அப்படித்தான் பகிர்ந்து கொடுத்தது. கூடுதல் பணத்தை முதலாளி அமுக்கிக்கொள்வார் என்பேன். அமுக்காமல் பார்க்கச் சம்பளப் பதிவேடு இருந்தது, சங்கம் இருந்தது, வங்கிக் கணக்கு இருந்தது. கூலி ஏறினால் ஆர்டர் வங்கதேசத்துக்கோ எத்தியோப்பியாவுக்கோ போய்விடும் என்பேன். இந்தப் பயம் முழுப் பொய் இல்லை. விலைக்காக ஊர் மாறும் பையர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தப் பத்து ரூபாய்க்கு எங்கள் தலைமை ஆபீஸ் பையர் ஊர் மாறுவாரா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டு அவர் மறுத்திருந்தால் பழி அவர் மேல். கேட்காததால் என் மேல்.

இன்னும் ஒன்று. அந்த நாற்காலியில் அத்தனை காலம் உட்கார்ந்ததில் எனக்கு வந்த பெயர் ‘நல்ல மனுஷன்’. ஆலை முதலாளிகள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். தொழிலாளிகளிடம் அக்கா, அண்ணா என்று மரியாதையாகப் பேசுவேன். கத்தியதில்லை. குடிதண்ணீர் சரியாக வருகிறதா, தீயணைப்புக் கருவி தேதி தாண்டிவிட்டதா, எமர்ஜென்சி வாசலில் பெட்டி அடுக்கியிருக்கிறார்களா என்று பார்த்துச் சண்டை போடுவேன். அதெல்லாம் காசு செலவில்லாத நல்லதனம் என்பது பிறகுதான் உறைத்தது. காசு கேட்கிற இடத்தில் மட்டும் ஒதுங்கிக்கொண்டேன்.

முன்னோட்டத் திட்டம் ‘முதல் கட்டம் நிறைவு’ என்று முடிந்தது. இரண்டாம் கட்டம் வரவில்லை. என் பச்சைப் பட்டைகள் அறிக்கையில் ஏறின.

அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது திருப்பூரிலேயே மெர்ச்சண்டைசிங் படிக்கும் பிள்ளைகளுக்குக் காஸ்டிங் வகுப்பு எடுக்கிறேன். சி.எம்.டி.யை உடைத்து, கூலி நிமிடத்தை முதல் வரியில் எழுதச் சொல்கிறேன்; குறைக்க வேண்டுமானால் மற்ற வரிகளில் முட்டிக்கொள்ளுங்கள் என்கிறேன். இது பரிகாரம் இல்லை. அந்த அக்காவுக்கு இதனால் ஒரு பைசா போய்ச் சேராது. பிள்ளைகள் விவரமானவர்கள், உடனே கேட்கிறார்கள்: “இப்படிப் போட்டா ஆர்டர் வருமா சார்?” வரும் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் இல்லை. “நான் ஒரு தடவைகூடப் போட்டு அனுப்பிப் பார்க்கலை, அதனால எனக்குத் தெரியாது” என்கிறேன். அனுபவசாலி என்று நினைத்து வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.